கணுக்காலுக்குச் சொந்தக்காரர்

அரையிறுதி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கரியராமன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டினான். கதவு திறக்கவில்லை. வியர்வையாக இருக்கும் என்று துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, இது மக்கர் பண்ணுது. கையால திறந்து விடுங்க" என்றான் காவலாளியிடம்.

மூன்று சீசனாக அவனோடு தினமும் சிரித்துப் பேசுகிறவர் அந்தக் காவலாளி. கையிலிருந்த கருவியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, உங்க பேரு லிஸ்டுல இல்லப்பா. உள்ளே விடக் கூடாதவர்னு தனியா போட்டிருக்கு. என்னாச்சு?"

என்னாச்சு என்று அவனுக்கே தெரியாது. அப்போதுதான் பையில் இருந்த போன் அதிர்ந்தது. அணியிடமிருந்து செய்தி.

"நெய்தல் வேங்கைகள் கபடி அணியுடனான உங்கள் ஒப்பந்தம், விதி 17-இன்படி மாலை 4.52 மணிக்கு முடிவுக்கு வந்தது. காரணம்: ஆயுதச் சட்டத்தின் கீழ் உங்கள்மீது வழக்கு. வழக்குப் பதிவான நேரம்: மாலை 4.43."

கரியராமன் அதை மூன்று தடவை படித்தான். ஆயுதமா? எந்த ஆயுதம்? சமையலறைக் கத்தியைத் தவிர அவன் வீட்டில் கூர்மையான பொருள் எதுவும் கிடையாது. போலீஸ் அவனைக் கூப்பிடவில்லை, விசாரிக்கவில்லை. தன்மேல் வழக்கு இருப்பதையே அவன் ஒப்பந்தத்திடமிருந்துதான் தெரிந்துகொண்டான். ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் பயிற்சியாளருக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. அணித் தலைவனுக்குப் போட்டான். "கரியா, உன்கூடப் பேசினா எங்களுக்கும் குறி விழும்னு மெசேஜ் வந்திருக்குடா. மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். உள்ளே பாட்டு போட்டு ரசிகர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு மேலே முப்பது அடி உயரத் திரையில் கரியராமனுடைய படம், அந்தரத்தில் தாவியபடி இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்தில் முகம் மட்டும் மங்கி, கறுத்து, வெறும் நிழலாக மாறியது. தாவல் அப்படியே இருந்தது.

அந்தத் தாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரியராமன் கல்வராயன் மலைக்காரன். அணியின் ரெய்டர், அதாவது எதிர்ப்பக்கம் பாடிப்போய் ஆட்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன். பதினேழு வயதில் ஜீப்பிலிருந்து விழுந்து இடது கணுக்கால் முறிந்தது. மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியபடியே கூடியது. அதிலிருந்து இடது காலை ஊன்றி அவனால் இறங்க முடியாது. ஆட்களைத் தாண்டிக் குதிக்கும்போது உடம்பு தானாக வலப்பக்கம் உருளும், வலது கால் முதலில் தரையைத் தொடும். எதிராளிகள் அவனைப் பிடிக்க ஒரு பக்கம் கைநீட்டுவார்கள், அவன் இன்னொரு பக்கம் இறங்கி நடுக்கோட்டைத் தொட்டிருப்பான். ஊனத்தை மறைக்கப் பழகியதை உலகம் வித்தை என்று கொண்டாடியது. ‘கரியன் தாவல்’ என்று பேரும் வைத்தது.

அடுத்து ஒரு போன் அவன் மனைவி பூங்காவனத்திடமிருந்து வந்தது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் அவள் ஆசிரியை.

"ஏங்க, வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கு. அரிசி டின்னைக்கூட கவுத்துப் பாத்துட்டாங்க. துப்பாக்கி எங்கேன்னு கேக்குறாங்க. என்ன துப்பாக்கிங்க?"

*

மறுநாள் காலை மலையடிவாரக் காவல் நிலையத்தில் ஆய்வாளர் ஒரு படத்தைக் காட்டினார். பதினோரு வருசத்துக்கு முந்தைய கல்யாணப் படம். மாமன் மகன் மாலையும் கழுத்துமாக நிற்கிறான். பக்கத்தில் ஒரு பையன், தன் உயரத்துக்கு இருக்கும் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறான்.

"இது நீதானே?"

"நான்தான் சார். பத்தாவது படிச்சிட்டிருந்தேன். அது எங்கப்பாவோட துப்பாக்கி. மரவள்ளிக் காட்டுல பன்னி விரட்ட வெச்சிருந்தாரு."

"இப்ப அது எங்கே?"

"உங்ககிட்டதான் சார் இருக்கு! லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியெல்லாம் ஒப்படைச்சிடுங்க, கேஸ் போட மாட்டோம்னு நீங்க ஊரூரா மைக்குல சொன்னீங்க. எங்கப்பா கொண்டுபோய் வெச்சுட்டாரு. அடுத்த வருசம் செத்தும் போயிட்டாரு."

"ரசீது இருக்கா?"

கரியராமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேரே கேக்க மாட்டோம், ஊர் எல்லையில போட்டுட்டுப் போயிடுங்கன்னு சொன்னது யாரு சார்? பேர் கேக்காதவங்க ரசீது எப்படிக் குடுப்பாங்க?"

ஆய்வாளர் கெட்டவரல்ல. பேனாவை மூடி வைத்தார். "நீ சொல்றது நிசமா இருக்கலாம்ப்பா. அந்த வருசம் எல்லையில கிடந்த துப்பாக்கி நூத்திச் சொச்சம்னு எங்க பதிவேட்டுலயும் இருக்கு. அதுல உங்கப்பாவோடது எதுன்னு யாருக்குத் தெரியும்? இது போர்ட்டல்ல வந்த புகார். ஆயுதப் புகார் வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள எஃப்.ஐ.ஆர் போட்டாகணும், புது விதி. போடலைன்னா எனக்கு மெமோ."

"புகார் குடுத்தது யாரு?"

"அது எங்களுக்கே காட்டாது. கோர்ட்டுதான் கேட்டு வாங்கணும்."

பன்னிரண்டு நாள் அவன் கிளைச் சிறையில் இருந்தான். அந்தப் பன்னிரண்டு நாளில் தொலைக்காட்சிகள் அவனைத் ‘துப்பாக்கி ரெய்டர்’ ஆக்கின. மலையில் கஞ்சா தோட்டத்துக்குக் காவல் இருந்தவன் என்று ஒருவர் சொன்னார். மலை ஆட்கள் இயல்பிலேயே அப்படித்தான் என்று இன்னொருவர், கண்ணாடி போட்ட படித்த மனிதர், ஆங்கிலத்தில் சொன்னார். நிகழ்ச்சியை நடத்தியவர் அவருக்கு நன்றி தெரிவித்தார்.

ஜாமீன் எடுத்துக் கொடுத்தவர் வக்கீல் ஜெபசீலி. கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் அவர் அலுவலகம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகப் பேச அவருக்கு வராது, ரகசியம் சொன்னாலும் கீழே உரக்கடைக்காரருக்குக் கேட்கும். பள்ளி நிலத் தகராறு ஒன்றில் அவரைப் பார்த்திருந்த பூங்காவனம்தான் கூட்டிப்போனாள்.

ஜெபசீலி ஒப்பந்தத்தின் அறுபத்தொரு பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சியா?"

"திரையில ஓட விட்டாங்க மேடம். முழுக்க இங்கிலீஷ். கடைசியில கட்டைவிரலை வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்."

"பதினேழாம் விதியைக் கேளு. ‘குற்றம் நிரூபிக்கப்பட்டால்’னு இதுல இல்ல. ‘வழக்குப் பதிவு செய்யப்பட்டால்’னு இருக்கு. கொலைகாரனுக்குக்கூட சட்டம் தீர்ப்பு வர்ற வரைக்கும் நிரபராதின்னு பேரு குடுக்குது. உனக்கு அந்தப் பேரு ஒன்பது நிமிசம்கூட இல்ல."

"முடிவெடுத்தது யாரு மேடம்? முதலாளியா?"

"யாரும் எடுக்கல. அதுதான் இதுல விசேஷம்." ஜெபசீலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முன்னெல்லாம் ஒப்பந்தம்னா காகிதம். எவனாவது ஒருத்தன் அதைப் படிச்சு, யோசிச்சு, உன் முகத்தைப் பாத்து, ‘வெளியே போ’ன்னு சொல்லணும். அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். இப்ப ஒப்பந்தமே ஒரு ப்ரோக்ராம். ‘நடுநிலை’ன்னு அதுக்குப் பேரு. போலீஸ் பதிவை நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கும். உன் பேரு வந்ததும் தன்னைத்தானே அமல் பண்ணிக்கும். கதவைச் சாத்தும், அணி குடுத்த வீட்டை எடுத்துக்கும், லீக்ல இருக்கிற மத்த எட்டு அணிக்கும் ‘இவனைத் தொடாதே’ன்னு சொல்லும்."

பூங்காவனம் அச்செடுத்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்ப அதுகிட்ட எப்படிங்க மேடம் முறையிடுறது?"

"முறையிடலாம். பதினெட்டாம் விதியில இருக்கு. முறையீட்டையும் அதுவேதான் விசாரிக்கும்."

*

புகார் அனுப்பியது யார் என்று நீதிமன்றத்தில் மனுப்போட்டு வாங்குவதற்கு நாலு மாதம் ஆனது. பதில் வந்த அன்றே ஜெபசீலி கரியராமனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். யார் என்று அவன் கேட்டதற்கு, ‘அங்கே போய் அவங்க வாயாலயே கேளு’ என்றார். 

அணியின் சட்ட அலுவலர் நிவேதன். முப்பது வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று வரவேற்றான், காபி கொண்டுவரச் சொன்னான்.

"கரியன், தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்ப வருத்தம். நான் உங்க ரசிகன். ஆனா துப்பாக்கி விஷயத்துல லீக் ரொம்பக் கண்டிப்பு. குழந்தைங்க பாக்குற விளையாட்டு இது."

"காபி வேண்டாம்" என்ற ஜெபசீலி ஒரு தாளை மேசையில் வைத்தார். "புகார் கொடுத்தவர் யாருன்னு படிங்க."

நிவேதன் படித்தான். திருப்பிப் படித்தான். கணினியை இழுத்து எதையோ தட்டித் தேடினான். அவன் காது சிவந்தது.

"மேடம், சத்தியமா நாங்க யாரும் இதை அனுப்பச் சொல்லல."

"யாரும் சொல்லலன்னு எனக்கும் தெரியும். அனுப்பினது உங்க ‘நடுநிலை’. எப்படி அனுப்புச்சு, ஏன் அனுப்புச்சு, நீங்களே சொல்லுங்க. இவனுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

நிவேதன் திரையில் இருந்த பதிவைத் தள்ளித் தள்ளிப் படித்தான். பிறகு சொன்னான்.

"அதுக்கு நாங்க ரெண்டு வேலை குடுத்திருந்தோம். ஆட்டக்காரங்களோட பழைய வாழ்க்கையில ஏதாவது சிக்கல் இருக்கான்னு தேடணும். அப்புறம், அணிக்கு நட்டம் வராமப் பாத்துக்கணும். இணையத்துல எப்பவோ யாரோ போட்ட அந்தக் கல்யாணப் படம் அதுக்குக் கிடைச்சிருக்கு. குற்றம் தெரிஞ்சா தகவல் சொல்றது சட்டப்படி கடமைன்னு வழி கண்டுபிடிச்சு, போர்ட்டல்ல ஏத்தியிருக்கு."

"படம் அதுக்குக் கிடைச்சது எப்போ?"

"அது..."

"தேதியைச் சொல்லுங்க."

"ரெண்டு வருசம் முன்னாடி."

"ரெண்டு வருசம் கடமை எங்கே போச்சு? தூங்குச்சா?"

நிவேதன் மேசை மேலிருந்த தாளை நேராக்கி வைத்தான். ஜெபசீலியே சொன்னார். "அரையிறுதிக்கு ஒரு வாரம் முன்னாடி இவனுக்கு முட்டியில ஸ்கேன் எடுத்தீங்க. இன்னும் ஒரு சீசன் தாங்கறதே சந்தேகம்னு அறிக்கை வந்துச்சு, கோர்ட்டு கேட்டு வாங்கின காகிதத்துல அதுவும் இருக்கு. இவன்கிட்ட யாரும் சொல்லல, ‘நடுநிலை’க்கு மட்டும் தெரியும். இப்ப இருபத்திரண்டாம் விதிக்கு வருவோமா?"

கரியராமன் திரும்பி அவரைப் பார்த்தான். முட்டி விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"இருபத்திரண்டுல என்ன மேடம்?"

"பயிற்சியில உடம்பு முழுக்க உணர்வுப் பட்டை ஒட்டி ஓட விடுவாங்கல்ல? உன் ஒவ்வொரு அசைவும் அதுல பதிவாயிருக்கு. உன் எலும்பு எப்படித் திரும்புது, மூச்சை எங்கே பிடிக்கிறே, எல்லாம். நீ அணியில இருக்கிற வரைக்கும், நல்லபடியா ஓய்வு வாங்கிப் போனாலும்கூட, அந்தப் பதிவுல உனக்கும் பங்கு உண்டு. நடத்தை சரியில்லன்னு வெளியேத்தினா மட்டும் பங்கு கிடையாது. முழுசா அவங்களுக்குச் சொந்தம், காலத்துக்கும்." நிவேதன் பக்கம் திரும்பினார். "ஆக, முட்டி போகப்போற இந்த மனுசனைவிட இவனோட பதிவு உங்களுக்கு லாபம். கணக்குப் போட்டு, ரெண்டு வருசமாப் பையில வெச்சிருந்த படத்தை அன்னிக்கு வெளியே எடுத்திருக்கு. சரிதானே?"

"மேடம், அப்படி யாருமே யோசிக்கல."

"நீங்க யாரும் யோசிக்காம இருக்கணும்னுதானே அதை வாங்கி வெச்சிருக்கீங்க!" அவர் குரலுக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தப்பைச் செய்ய ஆள் வெச்சா ஆள் மாட்டிக்குவான். இப்ப தப்பு நடந்திருக்கு, செஞ்சவன் எவனும் இல்ல. எவ்வளவு வசதி!"

கரியராமன் எழுந்தான். அவன் அதிகம் பேசுகிறவனல்ல. ஆனால் அன்று பேசினான்.

"சார், துப்பாக்கி பிடிச்ச கை அசிங்கம்னு சொல்றீங்க. சரி. அந்தக் கையோட சேர்ந்து தாவின காலு மட்டும் உங்களுக்குச் சுத்தமா? என்னை வாசல்லயே நிறுத்திட்டீங்க, என் தாவலை மட்டும் உள்ளே கூட்டிட்டுப் போயிட்டீங்க. எங்க மலைக்கு இது புதுசு இல்ல சார். தேன் வேணும், கடுக்காய் வேணும், ஆள் வேண்டாம்."

நிவேதன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னால அதை மாத்த முடியாது. அதை மாத்துற அதிகாரம் இந்தக் கட்டடத்துல யாருக்கும் இல்ல" என்றான். அதை அவன் உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னான் என்பதுதான் கரியராமனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

*

வழக்கு முடிய மேலும் பத்து மாதம் ஆனது. கரியராமன் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டி ஓட்டினான். ஒரு நாள் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையில் லோடு இறக்கக் காத்திருந்தபோது காவலாளி அறைத் தொலைக்காட்சியில் அவன் அணியின் ஆட்டம் ஓடியது. இடையில் விளம்பரம் வந்தது. முகமில்லாத கறுத்த உருவம் ஒன்று ஓடி வருகிறது, நாலு பேரைத் தாண்டிக் குதிக்கிறது, வலப்பக்கம் உருண்டு இறங்குகிறது. ‘வேங்கைத் தாவல்! உங்கள் குழந்தையும் ஆறு வாரத்தில் கற்கலாம்!’

"யோவ், அது நான்யா!" என்று கத்திவிட்டான்.

ஆலைத் தொழிலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனைத் தெரிந்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. "உன் மூஞ்சி எங்கேய்யா அதுல இருக்கு?" என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். கரியராமன் வண்டிக்குத் திரும்பி, லோடு இறக்கும் வரிசையில் அதை நகர்த்தினான்.

உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அவனுடைய மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகையில் இருந்த தேதி, எல்லையில் கிடந்த துப்பாக்கிகளின் காவல் துறைப் பதிவேடு, மூன்றையும் ஜெபசீலி அடுக்கி வைத்தார். நீதிபதி அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "படத்தில் இருப்பது ஒரு பள்ளிச் சிறுவன். அவன் தன் தந்தையின் பொருளைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். இதில் இந்த நீதிமன்றம் எந்தக் குற்றத்தையும் காணவில்லை. ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அரசு கொடுத்த வாக்கை அரசே மறப்பது வெட்கக்கேடு" என்று தீர்ப்பில் எழுதினார்.

பூங்காவனம் நீதிமன்ற வளாகத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கரியராமன் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். இனி மறுபடி ஆடலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

தீர்ப்பை எடுத்துக்கொண்டு, அணியின் ‘நடுநிலை’க்கும் மேலே இருந்த லீக்கின் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். அங்கே மனிதர்களே இருந்தார்கள், ஓய்வுபெற்ற மூன்று பெரியவர்கள். இருபது நிமிடத்தில் விசாரணை முடிந்தது.

"உயர் நீதிமன்றத் தீர்ப்பை மதிக்கிறோம். விளையாட்டு வீரர் குற்றமற்றவர் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் விதி 17 கேட்பது குற்றம் செய்தாரா என்பதை அல்ல, வழக்குப் பதிவானதா என்பதை. அந்தத் தேதியில் வழக்குப் பதிவானது உண்மை. எனவே ஒப்பந்தம் முறைப்படியே முடிந்தது. அதைத் தொடர்ந்து வரும் விதி 22-உம் செல்லும்."

"ஐயா," என்றார் ஜெபசீலி, "உயிரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு புதைச்சீங்க. அவன் எழுந்து வந்து நிக்கிறான். குழி சரியான அளவுலதான் வெட்டினோம்னு சொல்றீங்களே!"

பெரியவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் ஜெபசீலி படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். முப்பது வருசம் வழக்காடியவர். "தோத்ததுக்காக நான் கோபப்படல தம்பி. நிறையத் தோத்திருக்கேன். நீ குற்றவாளி இல்லன்னு சிரிச்ச முகத்தோட ஒத்துக்கிட்டே தண்டிக்கிறாங்க பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

*

சின்னசேலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் உள்ளூர்ப் போட்டி. லீக்கோடு சம்பந்தமில்லாத செம்மண் மைதானம். கரியராமன் மலையிலிருந்து வந்த ஆறு பேரோடு ஒன்பதாம் எண் பனியன் போட்டு இறங்கினான். முட்டியில் கட்டுப் போட்டிருந்தான். நாலாயிரம் பேர் இருப்பார்கள். அவன் பேரை ஒலிபெருக்கியில் சொன்னதும் கிளம்பிய சத்தத்தில், கம்பத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. பதினைந்து மாதம் கழித்து அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான்.

முதல் பாதியில் ஒரே ஒரு தடவை தாவினான். நாலு பேர் சங்கிலியாக வளைத்துக்கொண்டார்கள், வேறு வழி இல்லை. உடம்பு தானாக உருண்டது, வலது கால் மண்ணைத் தொட்டது. கூட்டம் கொந்தளித்தது.

இடைவேளையில் போட்டி அமைப்பாளர் வேலாயுதம் கையில் பலகைக் கணினியோடு வந்தார். சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

"கரியா, தப்பா எடுத்துக்காதப்பா. மூங்கில்ல கேமரா கட்டி ஆன்லைன்ல விடுறோமில்ல? அந்த ஆப்பு லீக்கோடது. வேற எதுலயும் ஆளுங்க பாக்குறதில்ல, அதான். இது வந்திருக்கு, பாரு."

கரியராமன் வாங்கிப் படித்தான். இந்த முறை தமிழில் இருந்தது.

"ஒன்பதாம் எண் ஆட்டக்காரர், நெய்தல் வேங்கைகள் அணிக்குச் சொந்தமான ‘வேங்கைத் தாவல்’ என்ற அசைவை அனுமதியின்றிப் போலி செய்துள்ளார். ஒப்புமை: 94 விழுக்காடு. அசலுடன் ஒப்பிடுகையில் தரையிறக்கத்தில் குறைபாடு உள்ளது. மீண்டும் செய்தால் ஒளிபரப்பு நிறுத்தப்படும். ஆட்டக்காரர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

போலி. அவன் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டி தேய்ந்துபோன ஆறு விழுக்காட்டைக் கழித்துவிட்டு, மிச்ச மனிதனைத் திருடன் என்று எழுதியிருந்தது.

"இன்னொரு தடவை தாவாம ஆடிடேன்" என்றார் வேலாயுதம். "வேற மாதிரி குதியேன்."

"எப்படிண்ணே வேற மாதிரி குதிக்கிறது? காலு இப்படித்தானே கூடியிருக்கு!"

அவன் ஜெபசீலிக்குப் போன் போட்டு அறிவிப்பை வாசித்துக் காட்டினான்.  மைதானத்துச் சத்தத்தில் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டான்.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு தம்பி. மறுபடி வாசி. ‘சொந்தமான’ங்கிற இடத்திலேர்ந்து."

வாசித்தான்.

"இதுவரைக்கும் அவங்க ஒப்பந்தத்தைப் பத்திப் பேசினாங்க. ஒப்பந்தத்துல நீ கட்டைவிரல் வெச்சிருக்கே, என்னால ஒண்ணும் பண்ண முடியல. இன்னிக்கு முதல் தடவையா உன் கணுக்காலு அவங்களோடதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க." அவர் குரல் மெல்ல ஏறியது. "உன் காலுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுல இருக்கா?"

"பூங்காவனம் வெச்சிருப்பா."

"இந்த நாட்டுல ஒரு மனுசனோட எலும்பை இன்னொருத்தன் சொந்தம் கொண்டாடலாமான்னு நான் கேக்கப்போறேன். எந்த நீதிபதி முகத்துக்கு நேரா ‘கொண்டாடலாம்’னு சொல்றாருன்னு பாக்குறேன். ஜெயிப்போமான்னு தெரியாது. வருசமாகும். மறுபடி உன் பேரை நாறடிப்பாங்க. சொல்லிட்டேன்."

"இப்ப நான் என்ன பண்ண மேடம்?"

"உனக்கு என்ன தோணுது?"

நடுவர் விசில் ஊதினார். கரியராமன் போனை வேலாயுதம் கையில் கொடுத்தான். "அண்ணே, ஒளிபரப்பு நின்னா உங்களுக்குக் கஷ்டமா?"

வேலாயுதம் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். வண்டி கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, மரத்தின் மேலும் சுவரின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜனம். "நிக்கட்டும்ப்பா. வந்தவங்க பாப்பாங்கல்ல" என்றார்.

அவன் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினான். இரண்டு பேரைத் தொட்டான். ஐந்து பேர் கைகோத்துக்கொண்டு மறித்தார்கள். முட்டி வலித்தது. அவன் மண்ணை உதைத்து எழும்பினான். கம்பத்தில் மாட்டியிருந்த பெரிய திரை அந்தக் கணமே இருண்டது. உலகத்தில் எங்கெங்கோ அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருடைய கையிலும் அது இருண்டிருக்கும். சின்னசேலத்து ஜனம் திரையைப் பார்க்கவில்லை. கரியராமன் அந்தரத்தில் வலப்பக்கம் உருண்டு, வலது காலை ஊன்றி, நடுக்கோட்டைத் தாண்டி விழுவதை நாலாயிரம் பேர் கண்ணால் பார்த்தார்கள்.

மறுநாள் ஜெபசீலி புது வழக்கின் சாட்சிப் பட்டியலில், அந்த நாலாயிரம் பேரிலிருந்தே பேர் எழுத ஆரம்பித்தார்.